ரவுண்ட்ஸ் முடியும்வரை கசங்காத உடை எது?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிக்கும் கிளினிக்கல் போஸ்டிங் தொடங்கிவிட்டது. விடுதி அறையில் அயர்ன் பாக்ஸ் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தேய்ப்பவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். 'காட்டன் மாதிரியே இருக்கும்' என்று கடையில் சொன்னதை நம்பி நான்கு ரேயான் குர்தி வாங்கினேன். காலையில் தேய்த்துப் போட்டால் பதினோரு மணிக்குள் மடியும் முதுகும் கசங்கிவிடுகின்றன. 'தூங்கி எழுந்து அப்படியே வந்தியாம்மா?' என்று பேராசிரியர் பேஷன்ட் முன்னாலேயே கேட்டுவிட்டார். முழு பாலியஸ்டருக்கு மாறிவிடலாமா, இல்லை விலை கூடுதலான 'ரிங்கிள் ஃப்ரீ' காட்டன் வாங்கலாமா? தம்பியும் இந்த வருஷம் வேறொரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொரு சந்தேகம்: வெள்ளைக் கோட்டைப் பிளீச் போட்டுத் துவைத்ததில் அங்கங்கே பழுப்புத் திட்டு வந்திருக்கிறது. எதுவும் சிந்திய ஞாபகம் இல்லை. எங்கள் விடுதியில் போர்வெல் தண்ணீர்தான்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

ரேயான் கசங்கியதில் உங்கள் தவறு எதுவுமில்லை. ரேயான், விஸ்கோஸ் இரண்டும் ஒன்றுதான்: மரக்கூழிலிருந்து எடுத்து நூலாக்கிய செல்லுலோஸ், அதாவது நீளச் சங்கிலிகளாக அமைந்த தாவர நார்ப்பொருள். பருத்தியும் செல்லுலோஸ்தான். பயோகெமிஸ்ட்ரியில் படித்திருப்பீர்கள், அந்தச் சங்கிலிகளைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டதும் பிணைப்பு விட்டுப்போகும், இழை நகரும். காயும்போது துணி எப்படி மடங்கிக் கிடக்கிறதோ அதே நிலையில் மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரம் என்றால் வாளித் தண்ணீர் மட்டுமல்ல. நாற்காலியில் உட்கார்ந்து கேஸ் எழுதும்போது தொடையிலும் முதுகிலும் வியர்வை இருக்கிறது, உடம்புச் சூடு இருக்கிறது, மேலே உங்கள் எடையும் அழுத்துகிறது. ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் இஸ்திரி. உட்கார்ந்த இடத்திலேயே கசங்கலைத் தேய்த்துக்கொண்டு எழுகிறீர்கள், அவ்வளவுதான்.

சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விஸ்கோஸ் 11 முதல் 13 சதவீதம். பாலியஸ்டர் வெறும் 0.4. எது அதிகம் கசங்கும் என்று கேட்டாலும் இதே வரிசைதான், எது வியர்வையை நன்றாக இழுக்கும் என்று கேட்டாலும் இதே வரிசைதான். கசங்காத குணமும் புழுக்கமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியாது.

அதனால் முழு பாலியஸ்டர் வேண்டாம். ஃபேன் மட்டும் ஓடும் ஜெனரல் வார்டு, உடைக்கு மேலே ஒரு கோட், வெளியே சித்திரை வெயில். ஒரு மணி நேரத்தில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் தண்ணீரைப் பிடிக்காதே தவிர எண்ணெயை விடாமல் பிடிக்கும். உடம்பு எண்ணெய் இழையில் தங்கிவிடுவதால், துவைத்துக் காய்ந்து மணமாக இருக்கும் சட்டைகூட மறுபடி வியர்த்த பத்தாவது நிமிடத்தில் பழைய வாடையைக் கொண்டுவந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. மைக்ரோபயாலஜி லேபில் ஸ்பிரிட் விளக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும். பருத்தி எரிந்தால் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

நான் சொல்லும் கணக்கு இது: இடுப்புக்கு மேலே பருத்தி கூடுதல், இடுப்புக்குக் கீழே பாலியஸ்டர் கூடுதல். வியர்ப்பது பெரும்பாலும் மேலே. ஆழமாகக் கசங்குவது முழங்கால், தொடை இடுக்கு, உட்காரும் இடம். மேல் உடையில் பாதியைக் கோட் மறைத்துவிடும், பேண்ட் முழுக்க வெளியே தெரியும். ஒரே துணியில் மேலும் கீழும் தைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு.

ரிங்கிள் ஃப்ரீ காட்டனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பருத்திச் சங்கிலிகளுக்கு நடுவே ரெசின் என்ற பிசினால் குறுக்குப் பாலம் போட்டு, சூட்டில் பதம் செய்து, இழை நகர முடியாமல் கட்டிவைத்த துணி அது. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நகர முடியாத இழை வளைந்து கொடுக்காது, முறியும். இந்தப் பதத்தில் துணியின் கிழிசல் தாங்கும் வலு கணிசமாகக் குறைகிறது. காலர் விளிம்பும் கை மடிப்பும் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும்போதே நைந்துவிடும். துவைக்கத் துவைக்கப் பதமும் தேயும். அந்த ரெசினிலிருந்து கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வெளிவரக்கூடும், அனாடமி ஹாலில் கண்ணை எரிய வைத்த அதே சமாச்சாரம். அக்குள் ஓரத்திலும் தொடை உள்பக்கத்திலும் அரிப்பு வரும் சிலருக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டால் ஒருமுறை துவைத்துவிட்டுப் போடுங்கள், குளோரின் பிளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள். புதிதாக வாங்குவதானால், அதே காசுக்கு நல்ல கலவைத் துணி இரண்டு செட் எடுக்கலாம் என்பேன்.

குர்திக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி. கடையில் பிசி காட்டன், பாலி காட்டன் என்பார்கள். பருத்தி 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். 65 பாலியஸ்டர், 35 பருத்தி என்ற கலவைதான் எங்கும் எளிதாகக் கிடைக்கும். அது கோட்டுக்குச் சரி, உடம்போடு ஒட்டிப் போடும் குர்திக்கு நம் ஊரில் கொஞ்சம் அதிகம். தூய பருத்திதான் வேண்டும் என்றால் சீர்சக்கர் கேளுங்கள். நெசவிலேயே சின்னச் சின்னச் சுருக்கம் வைத்து வரும் துணி, தேய்க்க வேண்டியதே இல்லை. மெல்லிய கோடு போட்டதாக எடுத்தால் வார்டுக்கும் பொருந்தும். கிரேப் கசங்கவே கசங்காது, ஆனால் பெரும்பாலும் முழு பாலியஸ்டர். மார்கழி, தை மாதங்களுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், இடுப்புவரை காட்டன் லைனிங் கொடுத்து. லினன் வேண்டவே வேண்டாம்.

நிறமும் கசங்கலை மறைக்கும். ஒரே நிறத்துத் துணியில் ஒவ்வொரு மடிப்பும் நிழல் விழுந்து தெரியும். பொடிக்கட்டம், பொடிப்பூ, மெல்லிய கோடு இருந்தால் கண் மடிப்பைத் தேடாது. வெளிர் சாம்பலில் வியர்வைத் திட்டு தனியாகத் தெரியும், தவிர்த்துவிடுங்கள். அடர்நீலமும் வெள்ளையும் வியர்வையை நன்றாக மறைப்பவை.

கடையில் துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுத் துணியின் மொடமொடப்பு பெரும்பாலும் கஞ்சியும் பதமும்தான், இரண்டாவது துவைப்பில் போய்விடும். துணியின் ஓரத்தையோ குர்தியின் கீழ்மடிப்பையோ உள்ளங்கையில் சுருட்டி, இறுக்கமாக மூடி, மெதுவாக இருபது எண்ணுங்கள். கையைத் திறந்து இன்னும் ஒரு நிமிடம் பாருங்கள். ரேயானும் லினனும் வலை மாதிரி கோடு கோடாக நிற்கும். நல்ல கலவையில் கோடு விழுந்தாலும் கண்ணெதிரே ஆறிவரும். உள்ளங்கையில் லேசாக வியர்வை இருந்தால் சோதனை இன்னும் துல்லியம். கட்பீஸாக எடுக்கிறீர்கள் என்றால் ஓரத்தில் நான்கு நூல் உருவிக் கடைக்கு வெளியே போய்த் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாடை, தொட்டால் உதிரும் சாம்பல் என்றால் செல்லுலோஸ். உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். கலவையில் இரண்டும் தெரியும். பருத்திக்கும் ரேயானுக்கும் இதில் வித்தியாசம் தெரியாது, இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும். அதற்கு வேறு வழி: நூலின் நடுவில் எச்சில் தொட்டு இரு பக்கமும் இழுங்கள். ஈரம் பட்ட இடத்திலேயே பட்டென்று அறுந்தால் ரேயான், நனைந்ததும் வலுவிழக்கும் நூல் அது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும்.

உங்களிடம் இருக்கும் நான்கு ரேயானையும் தூக்கிப்போட வேண்டாம். போஸ்டிங் இல்லாத நாளில், தியரி வகுப்புக்குப் போடலாம். ஈரத்தில் அதை முறுக்கிப் பிழியாதீர்கள், தையல் ஓரம் விட்டுப்போகும்.

குர்தியின் வெட்டிலும் கசங்கல் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்தி, உட்காரும்போது முழுக்க அடியில் மாட்டிக்கொள்ளும். முழங்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். பக்கத் திறப்பு இடுப்பெலும்புவரை வரட்டும். உட்காரும்போது பின்பாகத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார அந்தத் திறப்புதான் உதவும். கோட்டுக்கும் இதே பழக்கம் வேண்டும், பின்வாலைத் தூக்கிவிட்டு உட்காருங்கள். முக்கால் கை வேண்டாம், அரைக் கை போதும். 44 அங்குல அகலத் துணியில் குர்திக்கு 2.5 மீட்டர் எடுத்தால் பக்கப் பாக்கெட்டுக்கும் துணி மிஞ்சும். பாக்கெட் வைக்கச் சொல்லி டெய்லரிடம் கேட்டே வாங்குங்கள், தானாக வைக்கமாட்டார்கள். துப்பட்டா போட வேண்டிய கல்லூரி என்றால் இரண்டு தோளிலும் பின் குத்தி, நுனி கோட்டுக்குள் அடங்குமாறு விடுங்கள். பேஷன்ட் மேல் குனியும்போது அது கட்டிலில் புரளக் கூடாது. லெகின்ஸ் பல கல்லூரிகளில் ஆகாது. ஆகும் இடத்திலும் குர்தியின் கசங்கலை எடுத்துக்காட்டத்தான் செய்யும்.

பேண்டுக்கு உங்களுக்கும் தம்பிக்கும் ஒரே துணிதான்: 65 சதவீதம் பாலியஸ்டர், 35 சதவீதம் விஸ்கோஸ். ராஜஸ்தானின் பில்வாராவில் நெய்து நாடு முழுக்க வரும் சூட்டிங் துணிகளில் பெரும்பங்கு இந்தக் குடும்பம்தான். ரேயானைத் திட்டிவிட்டு மறுபடி விஸ்கோஸா என்று கேட்பீர்கள். இங்கே முதுகெலும்பு பாலியஸ்டர். விஸ்கோஸ் மென்மைக்கும் கொஞ்சம் ஈரம் இழுப்பதற்கும் மட்டும். 2 சதவீதம் லைக்ரா கலந்ததாக இருந்தால் முழங்கால் மடிப்பு சீக்கிரம் நிமிரும். ஒரு சதுர மீட்டர் 240 முதல் 260 கிராம் எடையுள்ள துணி கேளுங்கள். மெல்லியதாக எடுத்தால் கசங்கும், காற்றில் படபடக்கும். துணியின் கரையோரத்திலேயே பெரும்பாலும் கலவை அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். 58 அங்குல அகலத்தில் ஒரு பேண்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர். சாய்கோட்டு நெசவாக, அதாவது ட்வில் ஆக இருப்பது நல்லது. நூல்கள் ஒன்றையொன்று குறைவாகப் பின்னிச் செல்வதால் இழை நகர்ந்து பழைய நிலைக்கு வர அதில் இடம் இருக்கிறது. அடர்நீலம், கரிச்சாம்பல், கறுப்பு என்று மூன்றே நிறம் வைத்தால் எந்தச் சட்டைக்கும் எந்தக் குர்திக்கும் சேரும்.

தம்பியின் சட்டைக்கு 60 பருத்தி, 40 பாலியஸ்டர். 58 அங்குல அகலத் துணி என்றால் முழுக்கைக்கு 1.6 மீட்டர், 36 அங்குலம் என்றால் 2.25 மீட்டர். சட்டையில் துணியைவிட என்னைப் பயமுறுத்துவது காலர். உள்ளே சூட்டால் ஒட்டும் கேன்வாஸ் வைக்கிறார்கள். மலிவான கேன்வாஸ் ஒரு அளவு சுருங்கும், மேல்துணி வேறு அளவு சுருங்கும், மூன்றாம் துவைப்பில் காலர் முழுக்கக் கொப்புளம். அதை எந்தத் தேய்ப்பும் எடுக்காது. ரெடிமேட் சட்டை எடுக்கும்போது காலரை வளைத்துப் பாருங்கள். மேல்துணியைக் கிள்ளி இழுத்தால் உள்துணியோடு சேர்ந்தே வர வேண்டும், தனியாகக் கழன்று வந்தால் வைத்துவிடுங்கள். இரண்டாவதாகப் பொத்தான் பட்டி. கலவைத் துணியைப் பருத்தி நூலில் தைத்தால், நூல் மட்டும் சுருங்கி, பட்டி முழுக்கப் பாம்பு நெளிந்த மாதிரி ஆகிவிடும். 'பாலியஸ்டர் நூலில் தைங்க, நூல் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கங்க' என்று டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். துணியை வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்துக் கொடுப்பதும் உங்கள் வேலை. அதை டெய்லரிடம் விட்டால் நடக்காது.

எத்தனை செட்? வாரம் இரண்டு முறை துவைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு துவைப்புக்கு நடுவே மூன்று நாள். அதற்கு மூன்று மேலுடை, மழைக்கோ கறைக்கோ கூடுதலாக ஒன்று, ஆக நான்கு. பேண்ட் மூன்று. கோட் மூன்று: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். இரண்டு கோட்டோடு சமாளிப்பவர்கள்தான் ஐந்து நாள் ஒரே கோட்டைப் போடுகிறார்கள். இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம்.

கோட்டுக்கு 65 பாலியஸ்டர், 35 பருத்தி ட்வில், சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிராம். கடையில் தொங்கும் மெல்லிய பாப்ளின் கோட் முதல் நாளே துவண்டுவிடும். அரைக் கை எடுங்கள், முழுக்கை கட்டாயம் என்று கல்லூரி சொன்னால் தவிர. முழுக்கையின் மணிக்கட்டு ஓரம் எல்லாப் படுக்கையையும் தொட்டுக்கொண்டு போகும். இங்கிலாந்தில் 2007 இல் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்று சுகாதாரத் துறை வழிகாட்டுதல் கொண்டுவந்தது இந்தக் கவலையால்தான். கோட்டின் முன்பக்கம் தோளிலிருந்து பாக்கெட்டுக்குச் சாய்வாகக் கோடு விழுகிறதா? அது கசங்கல் இல்லை, சுமை. முழங்காலில் தட்டிப் பார்க்கும் நீ ஹேமர், 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க், டார்ச், இன்ச் டேப், ஒரு தடிமனான குறிப்பேடு எல்லாம் ஒரே பாக்கெட்டில். பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்துப் போடுங்கள். பாக்கெட்டின் மேல்முனை இரண்டிலும் உள்ளே சின்னத் துண்டுத் துணி வைத்துக் குறுக்குத்தையல் போடச் சொல்லுங்கள், கிழிவது எப்போதும் அங்கேதான்.

இனி அந்தப் பழுப்புத் திட்டு. கோட்டின் இரண்டு பக்கமும், பாக்கெட் வாயைச் சுற்றியும்தான் அதிகம் இருக்கும், பாருங்கள். வார்டில் கைக்குப் போடும் ஹேண்ட் ரப் பலவற்றில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி இருக்கிறது. கை முழுக்கக் காய்வதற்குள் கோட்டில் துடைத்திருப்பீர்கள், அல்லது பாக்கெட்டில் கையை விட்டிருப்பீர்கள். அப்போது கறை தெரியாது. குளோரின் பிளீச் பட்டதும் இரண்டும் வினைபுரிந்து பழுப்பாகிவிடும். வந்த கறை பெரும்பாலும் போகாது. இன்னொரு பிளீச் போட்டால் இன்னும் அடர்த்தியாகும், அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். கோட் மொத்தமும் லேசாக மஞ்சளாகியிருந்தால் அதற்குக் காரணம் போர்வெல் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் துருவாக்கித் துணியில் படியவைக்கிறது. இனி வெள்ளைக்கு ஆக்சிஜன் பிளீச் மட்டும் போடுங்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது பெர்கார்பனேட் என்று பாக்கெட்டில் இருக்கும். சொட்டு நீலம் போடுவதானால் முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, பிறகு வாளியில் ஊற்றி, அதற்கப்புறம் துணியை விடுங்கள். துணி மேல் நேரே விட்டால் நீலப்புள்ளி நிற்கும்.

மற்றக் கறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீர், உடனே. வெந்நீர் பட்டால் புரதம் உறைந்து இழையில் பிடித்துக்கொள்ளும். பழைய ரத்தத்துக்கு வெள்ளைத் துணியில் 3 சதவீதப் பெராக்சைடு, நுரை அடங்கியதும் அலசுங்கள். அயோடின் மருந்தான பெட்டாடைனின் கறைக்கு ஒரு வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். அயோடின் அயோடைடாகி நிறம் போவதைக் கண்ணால் பார்க்கலாம், உங்கள் ரூம்மேட்டுகளைக் கூப்பிட்டுக் காட்டும் அளவுக்கு வேகமாக நடக்கும். ஆரஞ்சு நிற மாத்திரை என்றால் அதன் சாயம் ஒட்டாமல் உடனே அலசிவிடுங்கள். பால்பாயிண்ட் மைக்கு ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, அடியில் ஒரு பழைய துணி வைத்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எலும்புச் சிகிச்சைப் பிரிவான ஆர்த்தோவில் பிளாஸ்டர் மாவு பட்டால் ஈரத்தில் தொடாதீர்கள், காயவிட்டு உதறினால் பாதி போகும்.

துவைப்பதில்தான் பெரும்பாலோர் நல்ல துணியையும் கெடுக்கிறார்கள். கோட்டைத் தனியாகத் துவைக்க வேண்டும், குர்தியோடும் உள்ளாடையோடும் கலக்காமல். கிருமிக்கு 60 டிகிரித் தண்ணீரில் 10 நிமிடம் போதும் என்பது பிரிட்டனில் மருத்துவமனைச் சீருடைக்கு வைத்திருக்கும் அளவு. விடுதியில் வெந்நீர் கிடைக்கும் நாளில் கைவைக்க முடியாத சூட்டில் டிடர்ஜென்ட் கலந்து கோட்டை ஊறப்போடுங்கள், ரத்தக்கறை இருந்தால் அதை முதலில் பச்சைத் தண்ணீரில் எடுத்துவிட்டு. ஒரு எச்சரிக்கை: பாலியஸ்டர் 70 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் இழை, நனைந்திருந்தால் இன்னும் முன்பே. சூட்டோடு எடுத்து முறுக்கினால் அந்த முறுக்கு அப்படியே பதிந்துவிடும். அதே தண்ணீரில் வெதுவெதுப்பாக ஆறும்வரை விட்டு, பிறகு அலசுங்கள். மற்ற உடைகளுக்குப் பச்சைத் தண்ணீர் போதும், 20 நிமிடம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போடுவதால் அழுக்குத் தண்ணீர் திரும்பத் துணியில் ஏறுவதைத் தவிர பலன் இல்லை. உப்புத் தண்ணீரில் சோப்புக்கட்டி ஆகாது. கால்சியத்தோடு சேர்ந்து ஆடையாகப் படிந்து வெள்ளையை மங்க வைக்கும், துணியை விறைக்க வைக்கும். பவுடரோ லிக்விடோ போடுங்கள். கடைசி அலசலில் பத்து லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்துக்கொண்டால் அந்தப் படிவு விடும். மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும்.

அலசியதும் பிழியாதீர்கள். இதைச் சொன்னால் 'சொட்டுமே' என்பார்கள். சொட்டட்டும், அந்தத் தண்ணீரின் எடைதான் உங்கள் அயர்ன் பாக்ஸ். துணியை உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி நீரை இறக்கிவிட்டுத் தோள் இரண்டையும் பிடித்து இரண்டு முறை ஓங்கி உதறுங்கள். தடிமனான பிளாஸ்டிக் ஹேங்கரில் மாட்டுங்கள், கம்பி ஹேங்கர் துருப்பிடிக்கும். முதல் பொத்தானையும் மூன்றாவதையும் போடுங்கள். பிறகு ஒரு கை மேலே, ஒரு கை கீழே வைத்துப் பொத்தான் பட்டியையும் பக்கத்தையலையும் இழுத்து நீவுங்கள். காலரை விரலால் மடித்து அழுத்துங்கள். ஒரு துணிக்கு அரை நிமிடம்கூட ஆகாது. குளியலறையில் பத்து நிமிடம் சொட்டவிட்டு, பிறகு கொடிக்குக் கொண்டுபோகலாம், நிழலில். கொடியில் குறுக்கே மடித்துப் போட்டால் வயிற்றுக்குக் குறுக்கே கோடு விழும். பேண்டைத் தலைகீழாக, கால் மடிப்பை ஒன்றின் மேல் ஒன்று சேர்த்துக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இடுப்புப் பக்கம்தான் கனம், அது கீழே இருந்து இழுத்துக் கால் இரண்டையும் நேராக்கிவிடும். மெஷினில் போடுவதானால் பாதி நிரப்புங்கள், சுழற்சியை நிமிடத்துக்கு 600 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நின்றதும் எடுத்துவிடுங்கள். நின்ற மெஷினில் ஈரமாகக் குவிந்து கிடக்கும் அரை மணி நேரத்தில்தான் ஆறாத சுருக்கமெல்லாம் விழுகிறது.

இப்படிக் காய்ந்த கலவைத் துணியில் தேய்ப்பவருக்குக் காலரும் பட்டியும் மட்டும்தான் மிச்சம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: கரிப்பெட்டி கொஞ்சம் ஆறிய பிறகு உங்கள் துணியைத் தேய்க்கட்டும், அடர்நிறப் பேண்டைப் புரட்டிப்போட்டு. லேபிளில் இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. கலவைக்கு இரண்டு புள்ளிதான் எல்லை. மூன்று புள்ளிச் சூட்டில் பாலியஸ்டர் நுனிகள் இளகித் தட்டையாகி, பேண்டின் பின்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அதற்கு மருந்து கிடையாது. தேய்த்ததைச் சூட்டோடு மடித்து அடுக்கவும் வேண்டாம். பத்து நிமிடம் தொங்கவிட்டு ஆறட்டும், இல்லாவிட்டால் மடித்த கோடும் சேர்த்தே தேய்த்த மாதிரி நிற்கும். தேய்ப்பவர் வராத நாளில் பேண்டை மடிப்புக் கோடு பார்த்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்துவிடுங்கள், அது பழைய வழி, இன்றும் நடக்கும். குர்தியில் ஓரிடம் மட்டும் கசங்கியிருந்தால் ஈரக்கையால் அந்த இடத்தை நீவி, ஃபேனுக்குக் கீழே ஹேங்கரில் கால் மணி நேரம் விட்டால் ஆறும்.

தம்பிக்கு ஒன்று பாக்கி. முதலாண்டு அனாடமிக்கு அவன் வாங்கும் கோட் விலை குறைந்ததாகவே இருக்கட்டும், உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலுக்கென்று ஒன்றைத் தனியே ஒதுக்கிவிடட்டும். ஃபார்மலின் வாடையும் கொழுப்புக் கறையும் ஏறிய கோட்டை மற்றத் துணியோடு அலமாரியில் வைத்தால் எல்லாவற்றுக்கும் ஏறும். வெளியே கொக்கியில் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல ட்வில் கோட் மூன்றையும் அவன் போஸ்டிங் தொடங்கும்போது தைத்துக்கொள்ளலாம். அதற்குள் தோள் அளவும் மாறியிருக்கும்.